கார்த்திகைப்பூ முளைக்கவில்லையா, காய்ந்துவிட்டதா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

கார்த்திகைப்பூக் கொடியை வளவில் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மருந்தும் மறுமொழி அல்ல, பசளையும் மறுமொழி அல்ல. கலண்டரைப் பார்த்தாலே போதும். இந்தக் கொடி ஆண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் கிழங்காகத்தான் கிடக்கிறது. மழை தொடங்கும்போது எழும்பி, கார்த்திகையில் பூத்து, மார்கழியில் காய் வைத்து, தை மாசியில் காய்ந்து மறைந்துவிடும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கொடியும் தன் வேலையை அந்த இடைவெளிக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. ஆகவே கீழே சொல்லியிருக்கும் எந்தக் குறையைக் கண்டாலும், இப்போது என்ன மாதம் என்பதை முதலில் பாருங்கள். பிறகு கிழங்கைப் பாருங்கள். இலையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. இந்தக் கொடியில் கிழங்கு, தண்டு, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. கிழங்கையும் விதையையும் தொடும்போது கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் தவழ்ந்து திரியும் வீடு என்றால் இரண்டு மூன்று ஆண்டு பொறுத்து வைப்பதுதான் என் கருத்து. இந்தப் பூவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அரசியல் எல்லாருக்கும் தெரிந்ததே. தமிழ்நாடு தன் மாநில மலராகவும் சிம்பாப்வே தன் தேசிய மலராகவும் வைத்திருப்பதும் இதே பூவைத்தான். இங்கே கிழங்கையும் கொடியையும் மட்டும் கதைப்போம்.

இன்னும் முளைக்கவில்லை

ஆடி, ஆவணியில் இந்தக் கவலை வந்தால் அது கவலையே அல்ல. சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் கிழங்கு உறங்கத்தான் வேண்டும். வெறும் மண்ணாகக் கிடக்கிறதே என்று மனம் பொறுக்காமல் சிலர் நாளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டு அன்ரியும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தண்ணி காணாது போல கிடக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ" என்பார். ஊற்ற வேண்டாம். உறக்கத்தில் இருக்கும் கிழங்குக்கு ஈரம் உதவாது, அது அழுகலுக்குத்தான் வழி.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்து, ஐப்பசி நடுப்பகுதியாகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அப்போது பார்க்கலாம். மண்வெட்டி வேண்டாம். விரலாலோ ஒரு தட்டைக் குச்சியாலோ பக்கவாட்டில் இருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு போங்கள். மேலிருந்து குத்தினால் வெளியே வரத் தயாராக இருக்கும் முளையை நீங்களே ஒடித்துவிடுவீர்கள்.

கிழங்கு வெளியே தெரிந்ததும் இலேசாக அமத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்கிறதா, நுனியில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு கூர் தெரிகிறதா, அப்படியானால் மண்ணை மூடிவிட்டுப் பேசாமல் இருங்கள். வரும். அமத்தும்போது உள்ளே போகிறது, மண்ணிறத்தில் நீர் கசிகிறது, மணக்கிறது என்றால் அந்தக் கிழங்கு முடிந்தது. எடுத்து எறியுங்கள், அதே குழியில் இந்த ஆண்டு இன்னொன்றை வைக்க வேண்டாம்.

மூன்றாவது வகைதான் ஆட்களைக் குழப்புவது. கிழங்கு கல்லுப்போல நல்ல கெட்டி, அழுகலும் இல்லை, ஆனால் முளையும் இல்லை. நுனியைத் திருப்பிப் பாருங்கள், மொட்டையாக இருக்கும். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் இருப்பதால் எப்படி வெட்டி நட்டாலும் ஒரு பக்கத்தால் முளைக்கும். கார்த்திகைக் கிழங்கு அப்படியல்ல. கலப்பைபோல் வளைந்த இரண்டு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி தோண்டும்போது உடைந்தாலோ, பையில் போட்டுத் தூக்கிவரும்போது நசுங்கினாலோ, மிச்சக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் அதிலிருந்து கொடி வருவது அரிது. பிரிக்க வேண்டுமானால் இரண்டு கையும் சேருகிற வளைவில் பிரியுங்கள். வேறெங்கும் கத்தி வைக்க வேண்டாம்.

ஆழமும் ஒரு காரணமாகலாம். நாலு விரற்கடை மண் மேலே இருந்தால் போதும். நிமிர்த்தி வைக்கத் தேவையில்லை, படுக்கப் போடுங்கள். முளை தன்பாட்டில் மேலே திரும்பிக்கொள்ளும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண்ணில் ஒரு பெரிய மழைக்குப் பிறகு வெயில் எறித்தால் மேல்மண் இறுகிவிடுவதும் உண்டு. மேலே கொஞ்சம் கூட்டெருவோ சருகோ பரப்பிவிட்டால் முளை இலகுவாக வெளியே வரும்.

சித்திரைச் சிறுமாரியை நம்பி முளைத்துவிட்டு வைகாசி வெயிலில் வாடிப்போன கொடிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கிழங்கில் இன்னும் சத்து மிச்சம் இருந்தால் ஐப்பசியில் மறுபடியும் எழும்பும். அந்த ஆண்டு பூ குறைவாகத்தான் இருக்கும்.

முளைத்தது, பிறகு அடியோடு சரிந்துவிட்டது

அடித்தண்டைப் பாருங்கள். மண்ணோடு சேருகிற இடம் கறுத்துக் குழைந்திருந்தால் தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது. தண்டு பச்சையாகவே இருந்து, பல்லால் கடித்ததுபோல் வெட்டுப்பட்டுக் கிடந்தால் நத்தை. தண்டும் நல்லாக இருந்து நடுவில் மடிந்திருந்தால் கோழி கிளறியிருக்கும், அல்லது யாரோ மிதித்திருப்பார்கள்.

நத்தைக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகு ரோர்ச் லைற்றும் ஒரு பழைய ரின்னும் போதும். பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். உப்பை நேரே கொடியடியில் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நத்தையோடு கொடியையும் கொன்றுவிடும்.

தண்ணீர் தேங்குவதுதான் பெரிய விஷயம். செம்மண்ணிலும், வல்லிபுரம், மணற்காடு போன்ற மணற்பாங்கான இடங்களிலும் மழைத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். வயலை ஒட்டிய வளவுகளிலும் தரவைப் பக்கங்களிலும் அப்படி இறங்காது. ஒரு அடி ஆழத்தில் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு போய்ப் பாருங்கள். பாதியாவது இறங்கியிருந்தால் நேரே மண்ணில் நடலாம். அப்படியே நிறைந்து நின்றால் முழங்கால் உயரத்துக்காவது மேடு கட்டி, மண்ணோடு மணலும் கூட்டெருவும் கலந்து அதன்மேல் நடுங்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது குடாநாட்டில் எத்தனை வளவுகள் குளமாக நின்றன என்பது நினைவிருக்கும். அப்படி வெள்ளம் நின்ற இடத்தை உங்கள் வீட்டிலேயே அடையாளம் வைத்து, அந்த மூலையை மட்டும் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை இல்லை.

கிணற்றடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகும் வாய்க்கால் ஓரத்தில் வாழை செழிக்கிறது, அதனால் பக்கத்தில் இதையும் வைப்போம் என்று தோன்றும். வாழைக்கு ஆண்டு முழுக்க ஈரம் வேண்டும், இதற்கு ஏழெட்டு மாதம் காய்ச்சல் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சரிவராது.

வளர்கிறது, ஆனால் பற்றிப் படரவில்லை

இலை நுனியைக் கிட்ட வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலையே நீண்டு, நுனி மெலிந்து, சுருளாக முறுகி எதையாவது பிடித்துக்கொள்கிறது. அந்தச் சுருளின் விட்டம் மிகச் சின்னது. பென்சில் தடிப்புக்கு மேல் போனால் அதனால் சுற்ற முடியாது. நீங்கள் நட்டுக் கொடுத்தது இரும்புக் குழாயோ மொத்தமான கதியாலோ என்றால், பக்கத்திலேயே நின்றும் பிடிக்க மாட்டாமல் நிலத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

முன்பு வேலிகள் கிளுவையும் கிடுகுமாக இருந்த காலத்தில் இது தன்பாட்டில் ஏறியது. கிளுவையின் சிம்புகளும், கிடுகு கட்டிய ஈர்க்கும் கயிறும் அதற்கு அளவான பிடிகள். இப்போது எல்லாம் மதில். மதிலில் ஏற அதற்கு வழி இல்லை. மதில்தான் இருக்கிறது என்றால் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற வலையை மதிலில் இருந்து மூன்று நாலு விரல் இடைவெளி விட்டு அடியுங்கள், அல்லது நைலோன் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, காய்ந்த சிம்புகளோடு உள்ள ஒரு மரக்கொப்பை அப்படியே நட்டுவிடுவது. மாதுளை, அன்னமுன்னா, தேசி எதுவும் சரி. கறையான் ஏறினால் ஏறட்டும், தை வரைக்கும் நின்றால் போதும்.

கொடியைக் கையால் தூக்கிக் கட்டும்போது கவனம். இளந்தண்டு வெண்டிக்காய்போல் சட்டென்று ஒடியும். நுனி ஒடிந்தால் சிலவேளை பக்கக் கிளை வரும். நிலமட்டத்தில் ஒடிந்தால் அந்த ஆண்டுக்கு அந்த முளை போனதுதான்.

கிளுவை வேலியில் ஏறவிட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஆட்டுக்குக் குழை வெட்டுகிறவர் கிளுவையோடு சேர்த்து இந்தக் கொடியையும் இழுத்துக் கட்டிவிடுவார். ஆட்டுக்கும் இது நஞ்சுதான். கொடி நிற்கிற துண்டு வேலியில் ஐப்பசி தொடக்கம் தை வரை குழை வெட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

மருந்து தெளித்தும் சரிவரவில்லை என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். எந்த இலை, எப்படி மஞ்சள், எந்த மாதம் என்று மூன்றும் தெரியாமல் மறுமொழி இல்லை.

கீழ் இலைகள் முழுதாக மஞ்சளாகி, மேலே பச்சை நிற்கிறது. மாதம் ஐப்பசி, கார்த்திகை. மழையில் நைதரசன் கழுவுப்பட்டுப் போயிருக்கலாம், அல்லது வேரடியில் தண்ணீர் நிற்கலாம். இரண்டாவதை முதலில் பாருங்கள். வேரடி சரியாக இருந்தால் ஒரு கை நிறைய மக்கிய மாட்டெருவோ ஆட்டெருவோ அடியைச் சுற்றிப் போட்டு மண்ணணையுங்கள். பச்சைச் சாணம் போட வேண்டாம்.

மேலே உள்ள இளம் இலை வெளிறி மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்கின்றன. இது எங்கள் ஊருக்கே உரிய நோய் என்று சொல்லலாம். குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரும் அதில் ஊறி வருவதால்தான் கேத்திலில் வெள்ளைப் படலம் பிடிக்கிறது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. கார்த்திகைப்பூ இலேசான அமிலத்தன்மையோ நடுநிலையோ உள்ள மண்ணைத்தான் விரும்பும். வலிகாமம் வடக்கில் நீண்ட காலத்துக்குப் பிறகு திரும்பிப் போய்க் குடியிருக்கும் வளவுகளில் இந்த மஞ்சளைக் கூடுதலாகப் பார்க்கலாம், ஏனென்றால் பழைய வீட்டுச் சுவரின் சுண்ணாம்பும் சீமெந்து உடைசலும் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. புதிதாக வெள்ளையடித்த மதிலின் அடியும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது: உடனடியாக என்றால் ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரசு சல்பேற்றுக் கரைத்து, வெயில் சாய்ந்த பிறகு இலையில் படும்படி தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. கரைக்க மழைத் தண்ணீரை எடுத்தால் நல்லது. வெள்ளைச் சட்டையோடு போக வேண்டாம், துருக்கறை போகாது. நிரந்தரமாகத் தீர வேண்டுமானால் அடுத்த ஆண்டு நடுமுன் குழியை அகலமாக வெட்டி, கல்லையும் உடைசலையும் பொறுக்கி எறிந்துவிட்டு, கூட்டெருவும் தென்னந் தும்புத்தூளும் பாதிக்குப் பாதி சேர்த்து நிரப்ப வேண்டும். மழைக்காலப் பயிர் என்பதால் கிணற்றுத் தண்ணீர் இதற்குப் பெரிதாகத் தேவைப்படாது என்பது ஒரு நன்மை.

தீவுப் பகுதிகளிலும் கடற்கரையோரத்திலும் இலையின் ஓரமும் நுனியும் முதலில் மண்ணிறமாகிக் கருகினால் உப்பு. உவர்க் கிணற்றுத் தண்ணீரை நிறுத்துங்கள். கூரைப் பீலித் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்தால் மழை விட்ட நாட்களுக்குத் தாராளமாகப் போதும்.

மார்கழிக் கடைசிக்குப் பிறகு மேலும் கீழும் ஒன்றாக மஞ்சளாகிறது என்றால் கொடி தன் கணக்கை முடிக்கிறது. அதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை.

நேற்று இலை இருந்தது, இன்று தண்டு மட்டும்தான்

இந்தச் சேதத்தைச் செய்வது பெரும்பாலும் ஒரு வகைப் புழுதான். கறுப்பு உடம்பில் செம்மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகளும் பட்டைகளும். பார்க்க வடிவானதுதான். குஞ்சாக இருக்கும்போது இலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக இருந்து, பச்சையைச் சுரண்டித் தின்னும். அப்போது இலை கண்ணாடித் தாளாகத் தெரியும். வளர்ந்த பிறகு பிரிந்து போய் இலை, மொட்டு, பூ என்று எதையும் விடாது. கொடியின் நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை.

கண்ணாடித் தாளாகத் தெரியும் நாளிலேயே பிடித்துவிட்டால் வேலை சுலபம். அந்த ஒரு இலையை மட்டும் கிள்ளி, சவர்க்காரத் தண்ணீரில் போட்டுவிடலாம், ஒரு கூட்டமே போய்விடும். இரண்டு நாள் தவறவிட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான். கொடியைத் தட்டினால் சுருண்டு கீழே விழுந்து சருகுக்குள் மறைந்துகொள்ளும் என்பதால், தட்டுமுன் கீழே ஒரு பழைய சாக்கை விரித்துவிடுங்கள்.

மருந்து என்று போகத்தான் வேண்டுமென்றால் வேப்பங்கொட்டை. உலர்ந்த வேப்பங்கொட்டையின் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் துணியில் வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். கார்த்திகை மழையில் அது ஒரு நாளும் நிற்காமல் கழுவுப்படும், அதனால் மழை விட்ட மாலையாகப் பார்த்துத் தெளிக்க வேண்டும். சின்னப் புழுவுக்குத்தான் இது பயன்படும். விரல் நீளத்துக்கு வளர்ந்ததைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

ஆண்டுதோறும் வருகிறது என்றால் சுற்றிப் பாருங்கள். வீட்டில் விஷமூங்கிலோ லில்லியோ இருக்கிறதா? இதே புழுவுக்கு அவையும் சாப்பாடுதான். கொடி இல்லாத காலத்தில் அங்கே நின்று பெருகும். இது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாவதால், கொடி காய்ந்த பிறகு அடிமண்ணை மேலாகக் கிளறிவிட்டுக் கோழியை அவிழ்த்துவிடுங்கள். கிழங்கு வெளியே தெரியுமளவுக்கு மட்டும் கிளற வேண்டாம்.

இலையில் மண்ணிறப் புள்ளிகள்

விடாத மழையில் வருகிற பூஞ்சண நோய். வட்டம் வட்டமாகப் புள்ளி விழுந்து, பெருத்து, இலை கருகும். பட்ட இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். கொடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் பிரித்துவிடுங்கள், காற்றுப் போக வேண்டும். கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். இரண்டு மூன்று கொடிதான் என்றால் இதற்குமேல் எதுவும் தேவையில்லை. நிறைய வைத்திருப்பவர்கள் பட்ட இலையை ஒரு பையில் போட்டு, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேட்டுவிட்டு மருந்து வாங்குங்கள். கடையில் போய் "ஏதாவது தாங்கோ" என்றால் ஏதாவதுதான் தருவார்கள்.

கொடி நல்ல செழிப்பு, பூ மட்டும் இல்லை

முதல் சந்தேகம் கிழங்கின் பருமன். சின்ன விரல் அளவுக் கிழங்கு இலையை மட்டும் தரும், ஓராண்டு சேமித்து அடுத்த ஆண்டுதான் பூக்கும். 50, 60 கிராம் நிறையுள்ள கிழங்கு என்றால் அந்த ஆண்டே பூவை எதிர்பார்க்கலாம். சின்னக் கிழங்கு வாங்கி நட்டவர்கள் கொடியைக் குறை சொல்ல வேண்டாம், பொறுத்திருங்கள்.

அடுத்தது யூரியா. தோட்டத்துக்கு வாங்கிய பசளையில் மிச்சத்தை இதற்கும் ஒரு பிடி என்று போடுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. இலை கடும்பச்சையாகப் பெருக்கும், கொடி ஆளுயரத்தைத் தாண்டும், மொட்டு வராது. வலிகாமத்தில் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் பசளையில் இருந்து இறங்கிய நைத்திரேற்று ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். நடும்போது போட்ட எருவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கையரிப்பாக இருந்தால் அடுப்புச் சாம்பல் ஒரு சிரட்டை போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்கள். செம்மண்ணில் பொற்றாசியத்துக்கு அது நல்லதுதான், ஆனால் மேலே சொன்ன சுண்ணாம்பு மஞ்சள் உள்ள இடத்தில் சாம்பல் போட வேண்டாம், அதைக் கூட்டிவிடும்.

மூன்றாவது நிழல். அடி நிழலில் இருப்பது நல்லது, தலை வெயிலில் இருக்க வேண்டும். மாமரத்துக்குக் கீழே வைத்தால் கொடி வெளிச்சத்தைத் தேடி நீளுமே தவிரப் பூக்காது. பனங்கூடல்களிலும் பற்றைகளிலும் இது எப்படி நிற்கிறது என்று மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடி வடலிக்குள்ளோ பற்றைக்குள்ளோ இருக்கும், பூ எல்லாம் மேலே வெளியில் இருக்கும். பார்த்துவிட்டு வாருங்கள், கிண்டிக்கொண்டு வர வேண்டாம். நுனி உடைந்து பாதி அங்கேயும் பாதி உங்கள் வீட்டிலுமாக இரண்டும் வீணாகும்.

மொட்டு வந்து உதிர்கிறது என்றால் வாடைக்காற்று பலமாக அடிக்கிற பக்கமா என்று பாருங்கள். மழை இடையில் ஒரு கிழமை விட்டு வெயில் எறித்தாலும் உதிரும். அந்த நாட்களில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

பூ சிவக்கவில்லை, தலைகீழாகத் தொங்குகிறது

குறை ஒன்றும் இல்லை. விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் ஒரே நாளில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். காம்பு வளைந்து பூ கவிழ்ந்து நிற்க, ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே திரும்பிவிடுவதுதான் அதன் அமைப்பு.

பூத்தது, காய் பிடிக்கவில்லை

கவிழ்ந்த பூவைக் கீழிருந்து பாருங்கள். ஆறு மகரந்தத் தண்டுகள் சுற்றிவர விரிந்து நிற்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் இலகுவில் விழாத ஏற்பாடு அது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்தால்தான் வேலை நடக்கும். கார்த்திகை அடைமழையில் அவை எங்கே வருகின்றன?

விதை வேண்டுமென்றால் நீங்களே செய்யலாம். மழை இல்லாத ஒரு காலை, எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், ஒரு கொடியின் பூவில் இருந்து மகரந்தத்தைச் சின்னத் தூரிகையால் தொட்டு, வேறொரு கொடியின் பூவில் அந்த நீட்டிய தண்டின் நுனியில் தடவுங்கள். நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். விதை வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் நேர்மாறாகச் செய்யுங்கள்: காய் சின்னதாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். காய் முற்றி வெடித்தால் உள்ளே நல்ல சிவப்பில் மணி மணியாக விதை தெரியும். பிள்ளைகளின் கை முதலில் போவது அதற்குத்தான்.

தையில் செத்துவிட்டது, தோண்டினால் சூம்பிய கிழங்கு

சாகவில்லை. தண்டு தானாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்வரை விடுங்கள். பச்சையாக நிற்கும்போது வெட்டினால் அடுத்த ஆண்டுக் கிழங்குக்குப் போகவேண்டிய சாப்பாட்டை வெட்டுகிறீர்கள். தோண்டினால் பழைய கிழங்கு சூம்பித் தோலாகக் கிடக்கும், அதன் பக்கத்திலேயே புதிய கிழங்கு இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதிதாகத்தான் வைக்கிறது. நல்ல வடிகால் உள்ள இடமென்றால் தோண்டவே வேண்டாம், ஒரு குச்சி நட்டு அடையாளம் மட்டும் வையுங்கள். தோண்டினால் நிழலில் உலர்த்தி, ஒரு மண்சட்டியில் காய்ந்த மணலுக்குள் வைத்து, குசினியில் இருந்து தள்ளி எங்காவது வையுங்கள்.

குசினியில் இருந்து தள்ளி என்று சொல்வது சும்மா அல்ல. தை மாதத்தில்தான் இராசவள்ளிக் கிழங்கும் கிண்டுவோம். இரண்டும் கொடி, இரண்டின் இலையும் அப்போது காய்ந்திருக்கும், இரண்டும் மண்ணுக்குள். கார்த்திகைக் கிழங்கை வத்தாளை என்றும் வேறு கிழங்கு என்றும் நினைத்து அவித்துத் தின்று மோசம் போனவர்கள் இலங்கையில் இருந்திருக்கிறார்கள். அவித்தாலும் அதன் நஞ்சு போகாது. கொல்கிசின் என்பது அதன் பெயர். இரண்டையும் ஒரே பாத்தியில், ஒரே வேலியில் வைக்கவே வேண்டாம்.

யாராவது தின்றுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மிச்சக் கிழங்கையோ கொடித் துண்டையோ ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். முதலில் சில மணித்தியாலம் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அது நின்றாலும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பக்கூடாது, உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுவது அதற்குப் பிறகுதான்.

விதை போட்டேன், முளைக்கவில்லை

விதைக்கும் உறக்கம் உண்டு. பிடுங்கின கையோடு போட்டால் பேசாமல் கிடக்கும். வெளிச் சிவப்புச் சதையை உரித்துக் காயவைத்து, அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, மணல் கலந்த மண்ணில் சாடியில் போடுங்கள். ஒன்று மூன்று கிழமையில் வரும், மற்றது மூன்று மாதம் எடுக்கும். சாடியை எறிந்துவிட வேண்டாம். முதல் ஆண்டில் கடலையளவு கிழங்குதான் வைக்கும், பூவுக்கு மூன்று நாலு ஆண்டு பார்க்க வேண்டும். அதுவரைக்கும் கன்றுகள் இரண்டு மூன்று ஒடுங்கிய இலையோடு புல்லா, களையா என்று தெரியாமல் நிற்கும். வளவு துப்புரவாக்க ஆள் வருகிற நாளில் அந்தச் சாடிகளைத் தூக்கித் திண்ணையில் வைத்துவிடுங்கள்.